‘எனில்’ எந்தப் பக்கம் பார்க்கிறது? பொருளியல் மாணவர்களுக்குத் தருக்கத்தின் முதல் பாடம்

பள்ளியில் வணிகவியல் பிரிவு படித்துவிட்டுக் கல்லூரியில் பொருளியல் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் நுண்கணிதத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். வகைக்கெழு காண அடிப்படை விதிகள் பத்துப் பன்னிரண்டுதான். இரண்டு மாதம் நோட்டில் போட்டுப் பழகினால் கைக்கு வந்துவிடும். நுண்பொருளியல் பாடநூலில் உண்மையில் காலை வாரிவிடுவது, தேற்றம் என்ற பெயரில் வரும் ஒற்றை வாக்கியம். அது எதை உறுதியாகச் சொல்கிறது, எதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை என்று பிரித்துப் படிக்கத் தெரியாவிட்டால், பிறகு போடும் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் முடிவு தவறிவிடும். இதற்கு வேண்டியது தருக்கத்தின் அரிச்சுவடி. கணிதத்தைத் தனிப் பாடமாக எடுக்காதவருக்கும் அது எட்டும்.

கூற்றிலிருந்து தொடங்குவோம். மெய் அல்லது பொய், இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய வாக்கியம்தான் கூற்று. ‘7 ஒரு பகா எண்’ என்பது கூற்று. ‘இதன் விலை 50 ரூபாய்க்கு மேல்’ என்பது இன்னும் கூற்றாகவில்லை. ‘இது’ எது என்று சொன்னால்தான் ஆகும். பொருளியலில் இப்படிப் பாதி வெந்த வாக்கியங்கள் நிறைய. ‘விலை ஏறினால் தேவை குறையும்’ என்பதையே பாருங்கள். எந்தப் பண்டத்தின் விலை? எல்லாப் பண்டங்களுக்கும் இது பொருந்துமா, சிலவற்றுக்கு மட்டுமா? வருமானமும் மற்ற விலைகளும் மாறாமல் இருக்கின்றனவா? இந்த இடங்களை நிரப்பாதவரை அதை மெய் என்றும் வாதிட முடியாது, பொய் என்றும் வாதிட முடியாது. ‘அரசு மானியத்தை நிறுத்த வேண்டும்’ என்பது வேறு வகை. மானியத்தின் விளைவுகள் பற்றிய உண்மைகளை எத்தனை அடுக்கினாலும் அவற்றிலிருந்து மட்டும் ‘வேண்டும்’ பிறக்காது. எது நல்லது என்ற ஒரு மதிப்பீட்டையும் வெளிப்படையாகச் சேர்த்தாக வேண்டும்.

கடை வாக்குறுதியும் நான்கு நிலைகளும்

‘அ எனில் ஆ’ என்ற வடிவம்தான் தேற்றங்களின் முதுகெலும்பு. அதைப் புரிந்துகொள்ள ஒரு கடையின் அறிவிப்பு போதும்: ‘1000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பை இலவசம்.’ இதில் நான்கு நிலைகள் நிகழலாம். 1200 ரூபாய்க்கு வாங்கினீர்கள், பை கிடைத்தது: வாக்கு காப்பாற்றப்பட்டது. 1200 ரூபாய்க்கு வாங்கினீர்கள், பை இல்லை: வாக்கு மீறப்பட்டது. 400 ரூபாய்க்கு வாங்கினீர்கள், பை இல்லை: மீறல் இல்லை. 400 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் கடைக்காரர் ஒரு பை கொடுத்துவிட்டார்: இதிலும் மீறல் இல்லை. 1000 ரூபாய்க்குக் குறைந்தால் பை கிடையாது என்று அறிவிப்பு சொல்லவில்லையே.

ஆக, ‘அ எனில் ஆ’ பொய்யாகும் நிலை ஒன்றே ஒன்றுதான்: அ மெய்யாக இருந்து ஆ பொய்யாக இருக்கும் நிலை. அ பொய்யாக இருந்தால், ஆ எப்படி இருந்தாலும் முழு வாக்கியம் மெய். முதன்முறை கேட்கும்போது இது நெருடும். கடைசி இரண்டு நிலைகளில் கடைக்காரர் பொய் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள், நெருடல் போய்விடும்.

இனி, இதே வடிவ வாக்கியத்தை மூன்று விதமாகத் திருப்பலாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் தருக்கம் சொல்லும் இடத்தில் வருகிற பழைய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம்: இம்மலையில் நெருப்பு உண்டு, ஏனெனில் புகை உண்டு, அடுக்களையைப் போல. அதன் அடியில் இருக்கும் விதி ‘புகை எனில் நெருப்பு’. இதன் மறுதலை ‘நெருப்பு எனில் புகை’. அது தவறு, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீயின் சூடு உண்டு, புகை இல்லை. ‘புகை இல்லை எனில் நெருப்பு இல்லை’ என்பதும் அதே காரணத்தால் தவறு. ‘நெருப்பு இல்லை எனில் புகை இல்லை’ மட்டும் மூல விதிக்கு முற்றிலும் சமம். இரண்டு பக்கத்தையும் மறுத்து, இடமும் மாற்றினால் பொருள் மாறாது. மறுக்காமல் இடம் மாற்றினாலோ, இடம் மாற்றாமல் மறுத்தாலோ வேறொரு கூற்று கிடைக்கும். அதற்குத் தனியாக நிரூபணம் வேண்டும்.

பொருளியலில் இதன் நேரடிப் பயன்: ‘கிஃபன் பண்டம் எனில் அது தாழ்தரப் பண்டம்.’ விலை ஏறும்போது கூடுதலாக வாங்கப்படுவது கிஃபன் பண்டம். வருமானம் ஏறும்போது குறைவாக வாங்கப்படுவது தாழ்தரப் பண்டம். தேர்வுத் தாளில் ‘தாழ்தரப் பண்டங்களுக்குத் தேவைக் கோடு மேல்நோக்கிச் செல்லும்’ என்று எழுதுகிறவர் மறுதலையை எழுதிவிட்டார். வருமான விளைவு (விலை ஏறி வாங்கும் சக்தி குறைவதால் வருவது) பதிலீட்டு விளைவை (வேறு பண்டத்துக்கு மாறுவதால் வருவது) மிஞ்சினால்தான் அப்படி நடக்கும். பெரும்பாலான தாழ்தரப் பண்டங்களில் அது மிஞ்சுவதில்லை.

‘மட்டுமே’ வந்தால் அம்பு திரும்பும்

‘75 சதவீத வருகை இருந்தால் மட்டுமே தேர்வு எழுதலாம்.’ இதை ‘75 சதவீதம் இருக்கிறது, ஆகவே எழுதலாம்’ என்று படித்தால் தவறு. கட்டணம் பாக்கி இருந்தால் எழுத முடியாமல் போகலாம். இந்த வாக்கியம் சொல்வது, ‘தேர்வு எழுதுகிறார் எனில் 75 சதவீதம் இருக்கிறது’ என்பதே. வருகை இங்கே தேவையான நிபந்தனை; போதுமான நிபந்தனை அல்ல. ஆங்கிலப் பாடநூலில் ‘இஃப்’ வந்தால் அதைத் தொடர்வது போதுமான நிபந்தனை. ‘ஒன்லி இஃப்’ வந்தால் தொடர்வது தேவையான நிபந்தனை. ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ வந்தால் இரண்டும். அப்போது நிரூபணத்தையும் இரண்டு பக்கமும் தனித்தனியே எழுத வேண்டும். பாதி எழுதிவிட்டு நிறுத்துவதால் போகிற மதிப்பெண்கள் ஏராளம்.

தேவையான நிபந்தனையைப் போதுமானதாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. ஒரு நிறுவனத்தின் உற்பத்தி அளவை உ என்போம். மொத்தச் செலவு உ³ − 12உ² + 60உ. நிலையான செலவு எதுவும் இல்லை. இறுதிநிலைச் செலவு, அதாவது இதன் வகைக்கெழு, 3உ² − 24உ + 60. நிறைவுப் போட்டியில், அதாவது எந்த நிறுவனமும் தனியாக விலையை மாற்ற முடியாத சந்தையில், ‘விலை = இறுதிநிலைச் செலவு’ என்ற இடத்தில் லாபம் பெருமம் என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். விலை 39 என்று வையுங்கள். சமன்பாடு உ² − 8உ + 7 = 0 என்று சுருங்கும். விடைகள் 1, 7. உ = 7 எனில் வருவாய் 273, செலவு 175, லாபம் 98. உ = 1 எனில் வருவாய் 39, செலவு 49, நட்டம் 10. இரண்டு இடத்திலும் விலையும் இறுதிநிலைச் செலவும் சமம்தான். ஆனால் உ = 1 என்பது பெருமமே அல்ல, அக்கம்பக்கத்தில் மிக மோசமான இடம். இரண்டாம் வகைக்கெழுவைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்: பெருமத்தில் லாபத்தின் இரண்டாம் வகைக்கெழு மிகை எண்ணாக இருக்க முடியாது.

இப்போது விலை 15-க்கு இறங்குகிறது. சமன்பாடு உ² − 8உ + 15 = 0. விடைகள் 3, 5. உ = 3 எனில் நட்டம் 54. உ = 5 எனில் நட்டம் 50. இரண்டாம் வகைக்கெழுச் சோதனை உ = 5-ஐத் தேர்ந்தெடுக்கும். அதை நம்பி 5 அலகு உற்பத்தி செய்தால் 50 ரூபாய் நட்டம். கதவைச் சாத்திவிட்டால் நட்டமே இல்லை. சிறந்த அளவு உ = 0. அங்கே இறுதிநிலைச் செலவு 60, விலை 15. சமம் இல்லவே இல்லை. விதி பொய்த்துவிட்டதா? இல்லை. விதியின் முழு வடிவம் இது: ‘உ > 0 ஆன ஓர் அளவில் லாபம் பெருமம் எனில், அங்கே விலையும் இறுதிநிலைச் செலவும் சமம்.’ முன்னால் இருக்கும் ‘உ > 0’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் படித்ததுதான் பிழை. இந்தச் செலவுச் சார்பில் சராசரிச் செலவின் சிறுமம் உ = 6-இல் 24. விலை 24-க்குக் கீழே போனால் உ = 0 என்ற விளிம்பையும் சேர்த்துப் பார்க்காமல் விடை சொல்லக் கூடாது.

‘எல்லா’, ‘ஏதேனும் ஒன்று’

‘எல்லாக் கடைகளும் திறக்கவில்லை.’ இதைக் கேட்கும் ஒருவர், ஒரு கடைகூடத் திறக்கவில்லை என்று எண்ணலாம். இன்னொருவர், சில திறந்திருந்தன, எல்லாம் அல்ல என்று எண்ணலாம். பேச்சில் குரலும் சூழலும் காப்பாற்றும். நிரூபணத்தில் காப்பாற்ற ஆளில்லை. அதனால் கணிதத்தில் ‘ஒவ்வொரு’ என்பதற்கு ∀ என்றும், ‘ஒன்றாவது உண்டு’ என்பதற்கு ∃ என்றும் குறி வைத்திருக்கிறார்கள். மறுக்கும்போது ஒன்று மற்றொன்றாக மாறும். ‘ஒவ்வொரு நிறுவனமும் லாபம் ஈட்டியது’ என்பதன் மறுப்பு, ‘லாபம் ஈட்டாத ஒரு நிறுவனமாவது உண்டு’. ‘எந்த நிறுவனமும் லாபம் ஈட்டவில்லை’ என்று எழுதினால் அது மறுப்பைத் தாண்டி மிகையாகப் போய்விட்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வசதி கிடைக்கிறது. ‘ஒவ்வொரு’ என்ற கூற்றை வீழ்த்த ஓர் எதிர்க்காட்டு போதும். அதை நிலைநாட்ட ஆயிரம் எடுத்துக்காட்டும் போதாது. ‘தேவைக் கோடு எங்கும் கீழ்நோக்கியே செல்லும்’ என்பது ‘ஒவ்வொரு’ வகைக் கூற்று. 2008-இல் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, சீனாவின் ஹுனான் மாகாணத்தில் மிக ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியின் விலையை மானியத்தால் குறைத்தபோது அவர்கள் அரிசி உண்பது குறைந்ததைக் காட்டியது. ஒரு மாகாணத்தில், ஒரு பண்டத்தில் கிடைத்த சான்று அது. தேவை விதியைப் பெரும்பாலும் பொருந்தும் போக்காகச் சொல்பவரை அது ஒன்றும் செய்யாது. விதிவிலக்கே இல்லை என்பவருக்கு மட்டுமே பதில் சொல்கிறது.

இரண்டு குறிகளும் ஒரே வாக்கியத்தில் வரும்போது வரிசை முக்கியம். ‘ஒவ்வொரு பூட்டுக்கும் அதைத் திறக்கும் ஒரு சாவி உண்டு’ வேறு. ‘எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு’ வேறு. இரண்டாவதிலிருந்து முதலாவது வரும், திரும்ப வராது. இது விளையாட்டு வேறுபாடு அல்ல. பொதுச் சமநிலைக் கோட்பாட்டின் நடுக் கேள்வியே இதுதான். மற்ற விலைகளை நிறுத்திவைத்தால் ஒவ்வொரு சந்தையிலும் தேவையையும் அளிப்பையும் சமமாக்கும் ஒரு விலை உண்டு என்று காட்டுவது எளிது. எல்லாச் சந்தைகளையும் ஒருசேரச் சமமாக்கும் விலைத் தொகுதி ஒன்று உண்டா என்பது வேறு கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் லியோன் வால்ரா சமன்பாடுகளின் எண்ணிக்கையும் தெரியாதவற்றின் எண்ணிக்கையும் சமம் என்று கணக்கிட்டுக் காட்டினார். எண்ணிக்கை போதாது: அ + ஆ = 1, அ + ஆ = 2 என்ற இரண்டு சமன்பாடுகளில் தெரியாதவையும் இரண்டுதான், தீர்வோ இல்லை. 1954-இல் கென்னத் ஆரோவும் ஜெரார்ட் டெப்ருவும் நிலைப்புள்ளித் தேற்றத்தைக் கொண்டு, குறிப்பிட்ட எடுகோள்களின் கீழ் அந்த ஒற்றைத் தொகுதி உண்டு என்று நிறுவினார்கள். பூட்டு சாவி வாக்கியத்தில் ‘ஒரு’ எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழகியவருக்கு, அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது உடனே விளங்கும்.

கணங்கள், உறவுகள்: வேண்டிய அளவு

கணம், உட்கணம், சேர்ப்பு, வெட்டு ஆகியவை பள்ளியிலேயே வந்தவை. திருப்பிப் பார்த்தால் போதும். பொருளியலில் முதலில் கையாள வேண்டிய கணம் வரவுசெலவுக் கணம். கையில் 600 ரூபாய், அரிசி கிலோ 60, பருப்பு கிலோ 120 எனில், 60அ + 120ப ≤ 600, அ ≥ 0, ப ≥ 0 என்ற நிபந்தனைகளை நிறைவு செய்யும் (அ, ப) சோடிகள் எல்லாம் அதில் அடங்கும். மூலைகள் (0, 0), (10, 0), (0, 5). இங்கே ≤ என்ற குறியை < என்று மாற்றிப் பாருங்கள். கூடுதலே நல்லது என்று எண்ணும் நுகர்வோருக்குச் சிறந்த தேர்வே இல்லாமல் போய்விடும். 599 ரூபாய் செலவிட்டால் 599.50 அதைவிட மேல், அதைவிட 599.90 மேல், முடிவே இல்லை. அரிசி விலையை 0 ஆக்கினாலும் சிக்கல்தான். கணத்துக்கு எல்லை போய்விடும். மூடிய (தன் விளிம்பையும் உள்ளடக்கிய), எல்லைக்குட்பட்ட, வெறுமையல்லாத கணத்தில் தொடர்ச்சியான சார்புக்குப் பெருமம் உண்டு என்னும் வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் இங்கேதான் கைகொடுக்கிறது. அதுவும் ‘எனில்’ வாக்கியம் என்பதை மறக்க வேண்டாம். நிபந்தனை இல்லாவிட்டால் பெருமம் இல்லை என்று அது சொல்லவில்லை.

உறவுகளில் முக்கியமானது விருப்ப உறவு. ‘க-வை விட ச தாழ்ந்ததல்ல’ என்பது போன்ற ஒப்பீடுகள் அவை. இதற்கு இரண்டு பண்பு கேட்கிறோம். எந்த இரண்டு தேர்வையும் ஒப்பிட முடிய வேண்டும், இது முழுமை. ஒன்று இரண்டைவிடத் தாழாமலும், இரண்டு மூன்றைவிடத் தாழாமலும் இருந்தால், ஒன்று மூன்றைவிடத் தாழக்கூடாது; இது கடப்பு. கடப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. மூன்று பேர் மூன்று திட்டங்களை வரிசைப்படுத்துகிறார்கள்: முதலாமவர் சாலை, பள்ளி, குளம், இரண்டாமவர் பள்ளி, குளம், சாலை, மூன்றாமவர் குளம், சாலை, பள்ளி. பெரும்பான்மை வாக்கில் சாலை பள்ளியை வெல்லும், பள்ளி குளத்தை வெல்லும், குளம் சாலையை வெல்லும். ஒவ்வொருவரின் விருப்பமும் கடப்பு உடையது, கூட்டத்தின் விருப்பம் அப்படி இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் கோன்டோர்செ இதைக் கண்டுகொண்டார்.

ஒரே அளவு திருப்தி தரும் தேர்வுகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடுகள் வெட்டிக்கொள்ளா என்ற நிரூபணத்தை எல்லாரும் எழுதுகிறார்கள்; எந்த எடுகோள் எங்கே வேலை செய்கிறது என்று சொல்பவர் குறைவு. வழக்கமான வாதம் முரண்பாட்டு முறை. இரண்டு கோடுகள் க என்ற புள்ளியில் வெட்டுகின்றன என்று கொள்வோம். முதல் கோட்டில் ச, இரண்டாம் கோட்டில் ட. ச-வில் இரண்டு பண்டமும் ட-வில் இருப்பதைவிடக் கூடுதல். க-வும் ச-வும் சமம், க-வும் ட-வும் சமம், ஆகவே கடப்பின்படி ச-வும் ட-வும் சமம். ஆனால் கூடுதலே நல்லது என்ற எடுகோளின்படி ச மேலானது. முரண்பாடு. இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. இரண்டு கோடுகளும் வேறுவேறு திருப்தி மட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கடப்பு மட்டுமே போதும்: பொதுப் புள்ளி ஒன்று இருந்தாலே இரண்டு மட்டமும் ஒன்றாகிவிடும். ‘கூடுதலே நல்லது’ என்பது, ஒரே மட்டத்தின் கோடு தன்னைத்தானே பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான் வேண்டும். விடைத்தாளில் ஒவ்வொரு வரிக்கும் அருகே ‘கடப்பு’, ‘கூடுதலே நல்லது’ என்று காரணத்தை எழுதிப் பழகினால் இப்படிப்பட்ட வேறுபாடுகள் தாமாகவே கண்ணில் படும்.

நலத் தேற்றத்தில் செய்யப்படும் பிழை

பொருளியலில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் ‘எனில்’, நலப் பொருளியலின் முதல் தேற்றத்தில் இருக்கிறது. சுருக்கமாக: எல்லாப் பண்டங்களுக்கும் சந்தை உண்டு, எல்லாரும் விலையை ஏற்று நடப்பவர்கள், எந்த நுகர்வோரும் எந்த நிலையிலும் முழுத் திருப்தி அடைந்துவிடுவதில்லை எனில், சமநிலையில் கிடைக்கும் பங்கீடு பரேட்டோ திறனுடையது. இதிலிருந்து, ‘இந்தச் சந்தையில் போட்டி நிறைவாக இல்லை, ஆகவே இது திறனற்றது’ என்று எழுதுவது ‘புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை’ என்ற அதே பிழை. ஒரே விற்பனையாளர் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவர் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையைத் துல்லியமாக வாங்க முடிந்தால், அங்கே போட்டி இல்லை, திறன் உண்டு. உபரி முழுவதும் விற்பவரிடம் போய்ச் சேரும், அவ்வளவுதான். திறனின்மையைச் சொல்ல வேண்டுமானால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில், நிபந்தனைகளைச் சரிபார்க்காமலே ‘சந்தை என்றால் திறன்’ என்று முடிவுக்குத் தாவுவதும் அதே அளவு தவறு.

பரேட்டோ திறன் என்பதன் வரையறையும் குறிகளால் ஆனது: யாருக்கும் குறைவின்றி, ஒருவருக்காவது மேம்பாடு தரும் வேறு இயலக்கூடிய பங்கீடு ஒன்றுகூட இல்லை. ‘எல்லாருக்கும் நல்லது’ என்ற சொல் இதில் எங்குமே இல்லை. எல்லாச் சொத்தும் ஒருவர் கையில் இருக்கும் பங்கீடும், அவர் மேலும் மேலும் விரும்புபவராக இருந்தால், இந்த வரையறையில் தேறிவிடும்; பிறருக்குச் சிறிது கொடுத்தாலும் அவருக்குக் குறையும். நியாயம் பற்றிய கேள்வியை இந்தச் சொல் தொடவே இல்லை.

பழகும் முறை எளிது. பாடநூலில் புதிய வரையறை வரும்போதெல்லாம் நான்கு வரி எழுதுங்கள்: வரையறை, அதற்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு, பொருந்தாத ஒன்று, வரையறையின் மறுப்பு. நான்காவது வரிதான் கடினம். அதில்தான் நேரம் செலவிட வேண்டும். தேற்றம் வந்தால் ‘எனில்’-க்கு முன் இருப்பதை ஒரு நிறத்திலும் பின் இருப்பதை வேறு நிறத்திலும் அடிக்கோடிட்டு, மறுதலையை எழுதி, அது மெய்யா என்று ஓர் எதிர்க்காட்டு தேடுங்கள். நாளுக்கு 20 நிமிடம் போதும். உண்மை அட்டவணைகளை, அதாவது கூற்றுகளின் மெய், பொய் நிலைகளை வரிசையாக எழுதும் அட்டவணைகளை, எட்டு வரி, பதினாறு வரி என்று நிரப்பிக்கொண்டே இருப்பதில் பொருளியல் மாணவருக்குப் பெரிய பயன் இல்லை. ‘எனில்’, ‘மட்டுமே’, மறுப்பு ஆகியவற்றுக்கு நான்கு வரி அட்டவணை எழுதத் தெரிந்தால் மேலே போய்விடலாம்.

தொடங்குவதற்கு மூன்று வாக்கியங்கள். ‘ஒவ்வொரு சந்தையிலும் தேவையும் அளிப்பும் சமமாகும் ஒரு விலை உண்டு.’ ‘விலை ஏறினால் மட்டுமே அளிப்பு கூடும்.’ ‘எந்த நுகர்வோரும் தன் வருமானம் முழுவதையும் செலவிடுவதில்லை.’ மூன்றையும் மறுத்து எழுதுங்கள். எழுதியது சரியா என்று பார்க்க ஆசிரியர் வேண்டியதில்லை. மூலமும் மறுப்பும் ஒன்றாக மெய்யாகும் ஒரு சூழலைக் கற்பனை செய்ய முடிந்தால் மறுப்பு தவறு. இரண்டும் ஒன்றாகப் பொய்யாகும் சூழல் கிடைத்தாலும் தவறு. மூன்றாவது வாக்கியத்துக்கு ‘எல்லா நுகர்வோரும் முழுவதையும் செலவிடுகிறார்கள்’ என்று எழுதியிருந்தால், பத்துப் பேரில் நால்வர் மட்டும் முழுவதும் செலவிடும் ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு வாக்கியமும் பொய்.